கபிலரா, குறிஞ்சியா? – இலக்கிய ஆய்வில் மாறிகளை அறிதல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆய்வியல் நிறைஞர் பட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், நம் நெறிகாட்டுதலின்கீழ் ஒரு மாணவி ஐங்குறுநூற்று உவமைகளை ஆராய்ந்தார். கடும் உழைப்பாளி. கிடைத்துள்ள பாடல்கள் அனைத்தையும் தம் கைப்பட எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வரும் உவமைகளை எண்ணித் திணைவாரியாக அட்டவணை அமைத்தார். குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்பட்டது. அவ்வேறுபாட்டை நிலத்தின் இயல்போடும் உரிப்பொருளின் இயல்போடும் பொருத்தி அழகிய தமிழில் ஓர் இயல் எழுதினார். நாம் படித்து மகிழ்ந்தோம், கையொப்பமும் இட்டோம்.

வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக வந்திருந்த மூத்த பேராசிரியர் அவ்வட்டவணையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ஒரே ஒரு வினா எழுப்பினார்: “அம்மா, நீங்கள் இங்கே காட்டியிருப்பது குறிஞ்சியின் குணமா, கபிலரின் குணமா?”

மாணவி நம்மைப் பார்த்தார். நாம் மேசையைப் பார்த்தோம்.

ஐங்குறுநூற்றின் அமைப்பை அன்பர்கள் அறிவார்கள். மருதம் நூறும் ஓரம்போகியார் பாடியவை. நெய்தல் நூறு அம்மூவனாருடையவை. குறிஞ்சி நூறு கபிலருடையவை. பாலை நூறு ஓதலாந்தையாருடையவை. முல்லை நூறு பேயனாருடையவை. ஒரு திணைக்கு ஒரு புலவர். ஒரு புலவருக்கு ஒரு திணை. திணை மாறும்போதெல்லாம் புலவரும் மாறிவிடுகிறார். ஆகவே இரு திணைகளுக்கிடையே நாம் காணும் எந்த வேறுபாட்டையும் திணைக்கு உரியது என்று உறுதி கூற இயலாது. புலவருக்கு உரியது என்றும் உறுதி கூற இயலாது. அந்நூலை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை முறை எண்ணினாலும் இவ்விரண்டையும் பிரித்தெடுக்க வழியில்லை. ஐங்குறுநூற்றைப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இந்த ஐந்து பெயர்களும் மனப்பாடம். நமக்கும் மனப்பாடந்தான். ஆயினும் அட்டவணையைப் பார்த்தபோது அவை நினைவில் எழவில்லை. காரணம், புலவர் பெயரை நாம் ஒரு செய்தியாகக் கற்றிருந்தோமே அன்றி, ஒரு மாறியாகக் கருதியதில்லை.

‘மாறி’ என்னும் சொல்லைக் கேட்டவுடன், அது கணக்கு ஆசிரியர்களின் உடைமை என்று ஒதுங்கிக்கொள்வது தமிழ்த்துறைகளில் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் நமக்குத் தீங்கு செய்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

மாறுவதும் மாறாததும்

ஆராயப்படும் பொருள்களில் ஒன்றற்கொன்று வேறுபடக்கூடிய பண்பு எதுவோ அதுவே மாறி. பாட்டுக்குப் பாட்டு அடிகளின் எண்ணிக்கை வேறுபடுகிறது, அது மாறி. திணை வேறுபடுகிறது, அதுவும் மாறி. கூற்று நிகழ்த்துவோர் தலைவி, தோழி, தலைவன், செவிலி என வேறுபடுகின்றனர், அதுவும் மாறியே. வேறுபடாத பண்பு மாறிலி.

இவ்வளவு எளிய பாகுபாட்டிலேயே தவறு தொடங்குகிறது. திருக்குறளின் ஒவ்வோர் அதிகாரத்திலும் பத்துக் குறள்கள் உள்ளன. 133 அதிகாரங்களிலும் இந்தப் பத்து மாறுவதில்லை. “கல்விக்கும் பத்து, சூதுக்கும் பத்து, ஆகவே வள்ளுவர் இரண்டையும் ஒரே அளவில் கருதினார்” என்று ஒருவர் மேடையில் முழங்கினால் அவை கைதட்டும். ஆனால் மாறாத ஒன்று எதைப் பற்றியும் வேறுபாடு சொல்லாது, ஒற்றுமையும் சொல்லாது. அது நூலின் கட்டமைப்பு, அவ்வளவே. அதிகாரங்களை எண்ணினால் நிலைமை வேறு. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என நட்பை ஒட்டி ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. இங்கே வேறுபாடு உண்டு, பேசுவதற்கும் இடமுண்டு. எதனை அலகாகக் கொண்டு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, மாறிலி மாறியாகிறது.

எண்ணும் பெயரும்

அளவிடும் முறைகளை நான்காக வகுத்து அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகிதவளவை என அவற்றைத் தமிழில் வழங்குகிறோம். அவ்வகைப்பாட்டின்மேல் பின்னர் எழுந்த விவாதங்கள் பல. எனினும் தொடக்க நிலை ஆய்வாளனுக்கு அதனினும் எளிய கைவிளக்கு வேறில்லை. இந்நான்குக்கும் எடுத்துக்காட்டுத் தேடி நாம் அயலகம் செல்ல வேண்டியதில்லை. நம் நூல்களிலேயே நான்கும் உள்ளன.

முதலாவது பெயரளவை. இங்கே எண் வெறும் பெயர். அகநானூற்றின் எண்ணமைப்பு இதற்குத் தக்க சான்று. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்து, இருபது என வருபவை நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். இங்கே 8 என்பது 4இன் இருமடங்கன்று. குறிஞ்சி முல்லையின் இருமடங்கு ஆகுமா? கணினியில் தரவை உள்ளிடும்போது குறிஞ்சிக்கு 1, முல்லைக்கு 2, மருதத்துக்கு 3, நெய்தலுக்கு 4, பாலைக்கு 5 எனக் குறியீடு அளிக்கிறோம். மென்பொருளுக்குத் திணை தெரியாது. எண் மட்டுமே தெரியும். சராசரி கேட்டால் 2.7 என்று தயங்காமல் விடை தரும். முல்லைக்கும் மருதத்துக்கும் இடையே, மருதத்தை நெருங்கிய ஒரு திணையைத் தொல்காப்பியர் கூறவில்லை. பெயரளவையில் எண்ணிக்கை காட்டலாம், விழுக்காடு காட்டலாம், எது மிகுதி எனக் கூறலாம். சராசரிக்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவது வரிசையளவை. உலா இலக்கியம் பேசும் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் எழுபருவங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. முன்பின் என்னும் முறை உண்டு. ஆயின் படிக்குப் படி இடைவெளி ஒன்றாக இல்லை. பாட்டியல் நூல்கள் கூறும் அகவை எல்லைகள் தமக்குள் வேறுபடும். பரவலாக வழங்கும் கணக்கின்படி மங்கைப் பருவம் 12 முதல் 13 வரை. பேரிளம்பெண் பருவம் 32 முதல் 40 வரை. ஒரு படி இரண்டு ஆண்டு. மற்றொரு படி ஒன்பது ஆண்டு. பருவங்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்டுக் கூட்டிக் கழிப்பது, ஏணியின் படிகள் யாவும் ஒரே உயரம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறுவது போன்றது. நாட்டுப்புறவியல் ஆய்வுகளிலும் சமூக மொழியியல் ஆய்வுகளிலும் நாம் நாள்தோறும் காணும் வினாப்பட்டியலும் இவ்வகையினதே. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதற்கும் ‘உடன்படுகிறேன்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவும், ‘உடன்படுகிறேன்’ என்பதற்கும் ‘கருத்தில்லை’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவும் ஒன்றென யார் அளந்தார்?

மூன்றாவது இடைவெளியளவை. இங்கே இடைவெளிகள் ஒத்தவை. ஆயின் தொடக்கப்புள்ளி மாந்தர் வைத்தது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட்டார். குறுந்தொகையை 1937இல் வெளியிட்டார். இடைவெளி 50 ஆண்டு. திருவள்ளுவர் ஆண்டில் இவை 1918, 1968 ஆகும். இடைவெளி அப்போதும் 50. ஆண்டுக்கணக்கு மாறியும் வேறுபாடு மாறவில்லை. ஆனால் ஓர் ஆண்டெண் மற்றோர் ஆண்டெண்ணைப்போல் எத்தனை மடங்கு என்று கேட்பது பொருளற்றது. கணக்கை மாற்றினால் மடங்கும் மாறிவிடும்.

நான்காவது விகிதவளவை. நான்கடிப் பாடல் எட்டடிப் பாடலில் பாதி. இங்கே சுழியம் உண்மையான சுழியம். கூட்டலாம், கழிக்கலாம், வகுக்கலாம், சராசரி காணலாம்.

இவற்றோடு தனித்த மாறி, தொடர் மாறி என்னும் பாகுபாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடிகளை ஒன்று, இரண்டு என எண்ணுகிறோம். மூன்றேகால் அடி என ஒன்றில்லை. அது தனித்த மாறி. ஒருவர் ஒரு நெடிலை ஒலிக்க எடுத்துக்கொள்ளும் நேரமோ தொடர் மாறி. கருவி நுண்மையாக நுண்மையாக அளவும் நுண்மையாகிக்கொண்டே செல்லும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று மாத்திரை வகுத்த இலக்கணம், தொடர்ந்து ஓடும் காலத்தைத் தனித்த அளவுகளாக வெட்டி வைத்தது. அது யாப்புக்கு வேண்டிய செப்பமான வெட்டு. ஆனால் ஒலியியல் ஆய்வகத்தில் அமர்ந்து, நெடிலின் நேரம் குறிலின் நேரத்தைப்போல் சரியாக இருமடங்காக இல்லையே என்று தொல்காப்பியரைக் குறை கூறுவோர், இரு வகை மாறிகளை ஒன்றாக்கிக் குழம்புகின்றனர்.

சார்ந்ததும் சாராததும்

மேற்கூறியவை அளவையின் வகைகள். ஆய்வில் ஒரு மாறி ஏற்கும் பங்கைக் கொண்டு செய்யும் பகுப்பு வேறு. எதனால் மாற்றம் விளைகிறது என்று கருதுகிறோமோ அது சாரா மாறி. எதில் அம்மாற்றம் வெளிப்படுகிறதோ அது சார்ந்த மாறி. நம் மாணவியின் ஆய்வில் திணை சாரா மாறி. உவமைகளின் எண்ணிக்கை சார்ந்த மாறி. இவ்விரண்டோடும் பின்னிக்கிடந்து, விளைவைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளக்கூடிய மூன்றாவது ஒன்றும் அங்கே இருந்தது. அது புலவர். ஆய்வியல் நூல்கள் இதற்குப் பல பெயர் வழங்குகின்றன. திணைமயக்கம் என்னும் தொடரைப் பயின்ற நாம் இதனை ‘மயக்கும் மாறி’ எனலாம்.

மயக்கும் மாறியை வெல்ல வழியுண்டு. அதனை அசையாமல் நிறுத்திவிட்டு மற்றொன்றை மட்டும் அசைய விட வேண்டும். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் கபிலர் அல்லாத பிறர் பாடிய குறிஞ்சிப் பாடல்கள் உள்ளன. அவற்றைக் கபிலரின் குறிஞ்சியோடு ஒப்பிட்டால் திணை நிலையாக நிற்கும். புலவர் மட்டும் மாறுவார். அம்மூவனாருக்கு அகநானூற்றில் நெய்தலும் உண்டு, பாலையும் உண்டு. அவற்றை ஒப்பிட்டால் புலவர் நிலையாக நிற்பார். திணை மட்டும் மாறும். அப்போதும் பாடலின் நீளம் இடையில் புகும். ஐங்குறுநூற்றுப் பாடல் மூன்றடி முதல் ஆறடி வரை. நீண்ட பாடலில் உவமைக்கு இடம் மிகுதி. ஆகவே பாடலுக்கு எத்தனை உவமை எனக் கேளாமல், நூறு அடிக்கு எத்தனை எனக் கேட்க வேண்டும். இவை யாவும் மாணவியால் செய்திருக்கக்கூடியவை. ஆறு திங்கள் உழைத்தவர்க்கு மேலும் ஆறு வாரம் பெரிதன்று. அவருக்கு அதனைச் சொல்லியிருக்க வேண்டியவர் நெறியாளர்.

உவமை என்பதை எவ்வாறு அடையாளம் கண்டார் என்பது இன்னொரு வினா. உவம உருபு வெளிப்பட நிற்பவற்றை மட்டும் எண்ணினால் வேலை எளிது; ஐயமும் எழாது. ஆனால் மருதத்தில் களவன் பத்தும் எருமைப் பத்தும் ஏன் இருக்கின்றன? வயலின் நண்டையும் பொய்கையின் எருமையையும் காட்டித் தலைவனின் ஒழுக்கத்தைக் குறிப்பால் உணர்த்தும் பாட்டில், உவமம் உள்ளுறையாக நிற்கும். உருபு வெளியே வராது. உருபை எண்ணுவோன் கையில் மருதம் ஏழையாகிவிடும். கருத்து ஒன்று, அதற்கு நாம் வைத்த அளவுகோல் மற்றொன்று. அளவுகோலைத் தேர்ந்தபோதே முடிவின் ஒரு பகுதியை நாம் எழுதிவிடுகிறோம்.

தொகுத்தோரின் கை

இலக்கிய ஆய்வுக்கே உரிய ஓர் இடர் இனி வருவது. இதனை நாம் எல்லாவற்றினும் முதன்மையாகக் கருதுகிறோம்.

அகநானூற்றின் 400 பாடல்களில் பாலை 200, குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40. “சங்கப் புலவர் உள்ளத்தைப் பிரிவுத் துயரே ஆட்கொண்டிருந்தது என்பதற்கு அகநானூற்றில் சரிபாதி பாலையாக இருத்தலே சான்று” என்னும் வகையில் எழுதப்படும் வரிகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அந்தச் ‘சரிபாதி’ என்னும் சொல்லே நம்மை விழிக்கச் செய்திருக்க வேண்டும். பல புலவர்கள், பல ஊர்களில், பல தலைமுறைகளில் பாடியவை தாமாகவே 200, 80, 40, 40, 40 என்று வந்து அமருமா? அது தொகுத்தவர் இட்ட திட்டம். உக்கிரப்பெருவழுதி தொகுப்பிக்க உருத்திரசன்மர் தொகுத்தார் என்பது மரபு. பத்துப் பாட்டுக்கு ஐந்து பாலை என விதி வகுத்துக்கொண்டு தேர்ந்தெடுத்த தொகுப்பில் பாதி பாலையாக இருப்பது வியப்பன்று. அவ்வெண் தொகுத்தவரின் நெஞ்சைக் காட்டுகிறது. பாடியோரின் நெஞ்சைக் காட்ட வேண்டுமானால், தொகைக்குள் வராமற்போன பாடல்களையும் நாம் பார்த்திருக்க வேண்டும். அவை இல்லை.

பாடலின் நீளமும் அவ்வாறே. குறுந்தொகை நான்கு முதல் எட்டடி. நற்றிணை ஒன்பது முதல் பன்னிரண்டு. அகநானூறு பதின்மூன்று முதல் முப்பத்தொன்று. ஓரிரு விதிவிலக்குகள் உண்டு. அடியளவே தொகையைப் பிரித்த கத்தி. குறுந்தொகைப் பாடல்களின் சராசரி நீளம் அகநானூற்றுப் பாடல்களின் சராசரி நீளத்தினும் குறைவு என்று அட்டவணை காட்டி, அதிலிருந்து புலவர்களின் மனப்பாங்கையோ கால வளர்ச்சியையோ பெற முயல்வது, குட்டையானவர்களை ஓர் அறையிலும் நெட்டையானவர்களை மற்றோர் அறையிலும் நாமே அமர்த்திவிட்டு, அறையால் உயரம் வேறுபடுகிறது என்று வியப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே இலக்கியத் தரவில் ஒவ்வொரு மாறியைப் பார்த்தும் ஒரு வினாவைக் கேட்டே ஆக வேண்டும்: இந்த மாற்றம் யாருடையது? பாடியவருடையதா? தொகுத்தவருடையதா? துறை வகுத்தவருடையதா? உரை கண்டவருடையதா? பதிப்பித்தவருடையதா? அல்லது எண்ண அமர்ந்த நம்முடையதா? ஓர் ஓலைச்சுவடி நம் கைக்கு வந்து சேர்வதற்குள் இத்தனை கைகளைக் கடந்திருக்கிறது. ஒவ்வொரு கையும் தன் தேர்வை அதில் விட்டுச் சென்றிருக்கிறது.

பிறர் கற்ற பாடம்

இத்தகைய வழுக்கல் தமிழாய்வுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க அறிவியலாளர் டி.சி. மெண்டன்ஹால் 1887இல், சொற்களின் நீளத்தை எண்ணி வரைகோடு வரைந்தால் எழுத்தாளரை அடையாளம் காணலாம் என்று முன்மொழிந்தார். பின்னர் 1901இல் சேக்சுபியரையும் பேகனையும் அம்முறையில் ஒப்பிட்டார். கோடுகள் வேறுபட்டன. இருவரும் ஒருவரல்லர் என்பதற்கு அது சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆனால் ஒப்பிடப்பட்ட சேக்சுபியர் எழுத்து செய்யுள் நாடகம். பேகன் எழுத்து உரைநடை. 1975இல் சி.பி. வில்லியம்ஸ், செய்யுளும் உரைநடையும் எழுதிய பிலிப் சிட்னியின் படைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒரே மனிதரின் இரு வடிவங்களுக்கிடையிலும் அதே போன்ற வேறுபாடு இருப்பதைக் காட்டினார். எழுத்தாளர் என்னும் மாறியோடு வடிவம் என்னும் மாறி மயங்கிக் கிடந்திருக்கிறது. மெண்டன்ஹாலின் முடிவு சரியாகவே இருக்கலாம். அவர் காட்டிய சான்று அதனைத் தாங்கவில்லை.

மாறியைத் தேர்ந்து வென்ற கதையும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788 ஆண்டுகளில் ‘பப்ளியஸ்’ என்னும் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளில் 12 கட்டுரைகள் ஆமில்டனுடையவையா, மாடிசனுடையவையா என்னும் பூசல் நெடுங்காலம் நீடித்தது. பிரடெரிக் மோஸ்டெல்லரும் டேவிட் வாலசும் அதனை ஆராய்ந்து 1964இல் நூல் வெளியிட்டனர். வாக்கியத்தின் சராசரி நீளம் உதவவில்லை. இருவருக்கும் அது ஏறத்தாழ ஒன்றே. போர், வரி, சட்டம் போன்ற சொற்களும் உதவா. அவை எழுதுபவரைக் காட்டிலும் எழுதப்படும் பொருளையே சார்ந்தவை. ஆகவே எப்பொருளை எழுதினாலும் இயல்பாக வந்து விழும் சிறு சொற்களை எடுத்தனர். ‘அப்பான்’ என்னும் ஆங்கில முன்னிடைச்சொல் ஆமில்டனிடம் மிகுதி, மாடிசனிடம் அரிது. இத்தகைய பல சொற்களை ஒருங்கே கணக்கிட்டு, அப்பன்னிரண்டும் மாடிசனுடையவை என்னும் முடிவுக்கு வலுவான சான்று தந்தனர். எண்ணுவதற்கு முன் எதை எண்ணலாம், எதை எண்ணலாகாது என்று அவர்கள் சிந்தித்ததே அவ்வெற்றிக்கு வித்து.

நம்மிடையே கலித்தொகை, பரிபாடல் ஆகியவற்றின் காலத்தைப் பிற்படுத்திய வையாபுரிப்பிள்ளை அவற்றின் மொழிக்கூறுகளையும் ஒரு சான்றாகக் கொண்டார். அவர் முடிவு சரியா, தவறா என்னும் வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. பிற அகத்தொகைகள் ஆசிரியப்பாவில் அமைந்தவை; கலித்தொகை கலிப்பாவில் அமைந்தது. உரையாடலும் நாடகப் பாங்கும் கலியில் மிகுதி. காலம் மாறும்போது பாவும் மாறுகிறது. ஆகவே ஒரு சொல்வடிவம் கலித்தொகையில் மட்டும் காணப்பட்டால், அது காலத்தின் சுவடா, பாவின் சுவடா என்னும் வினாவை அவரை ஏற்போரும் மறுப்போரும் ஒருசேர எதிர்கொண்டாக வேண்டும்.

மறுப்புகளுக்கு விடை

“இலக்கியத்தை எண்ணலாகாது, உணர வேண்டும்” என்று கூறும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்கள்மேல் நமக்கு மதிப்பும் உண்டு. ஆனால் அவர்களும் எண்ணுகிறார்கள். “பெரும்பாலும்”, “மிகுதியாக”, “அருகியே”, “கபிலரிடம் அடிக்கடி” என்று அவர்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஓர் எண்ணிக்கையே. அட்டவணை இல்லாமையால் அது தவறினும் பிடிபடுவதில்லை. எண்ணிக்கையை மறைத்து வைப்பதால் அது உணர்வாகிவிடாது.

“புள்ளியியல் துறையில் யாரையாவது கேட்டுக்கொள்ளலாமே” என்போரும் உளர். கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எந்தப் புள்ளியியல் பேராசிரியரும் ஐங்குறுநூற்றில் திணைக்கு ஒரு புலவர் என்பதை நமக்குச் சொல்லமாட்டார். அகநானூற்றின் ஒற்றைப்படை எண்களைப் பற்றி அவருக்கு எவ்வாறு தெரியும்? தரவில் எங்கெங்கே பள்ளம் உண்டு என்பதை அறிந்தவர் தமிழாசிரியர் ஒருவரே. சூத்திரத்தை அவர் தரட்டும்; மாறியை நாம்தான் அடையாளம் காட்ட வேண்டும்.

இன்று இப்பொறுப்பு முன்னினும் கூடியிருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பின்னர் வந்த தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகமும் சங்க நூல்களைக் கணினியில் தேடும் வகையில் நம் கையில் தந்துவிட்டன. அம்மாணவி ஆறு திங்களில் எண்ணியதை இன்றைய மாணவர் ஆறு நொடியில் எண்ணிவிடுவார். எண்ணுதல் கடினமாக இருந்த காலத்தில், எண்ணிக்கொண்டே பாட்டைப் படித்தோம். படிக்கும்போது ஐயம் எழ வாய்ப்பிருந்தது. இப்போது பாட்டைப் படிக்காமலேயே அட்டவணை வந்துவிடுகிறது. வண்ண வரைபடமும் உடன் வருகிறது. ஐயம் மட்டும் வருவதில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. எண்ணிக்கை இடம்பெறும் எந்தத் தமிழ் ஆய்வேட்டிலும் முதல் அட்டவணைக்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். எதை அலகாகக் கொண்டு எண்ணினேன், அதனை எவ்வாறு அடையாளம் கண்டேன், அது பெயரா வரிசையா அளவா, அதன் மதிப்பை முடிவு செய்தவர் யார், அது மாறும்போது உடன் மாறுபவை எவை என்னும் ஐந்து வினாக்களுக்கு ஆய்வாளர் தம் சொற்களில் விடை எழுதட்டும். அப்பக்கத்தை எழுத இயலாதவர் அட்டவணையை நீக்கிவிட்டு எழுதட்டும். அதனால் ஆய்வின் மதிப்பு குறையாது.

அந்த மாணவிக்குப் பட்டம் கிடைத்தது. புறத்தேர்வாளர் பெருந்தன்மையாளர், முடிவுரையில் ஒரு பத்தியை மாற்றினால் போதும் என்றார். வெளியே வந்ததும் மாணவி, “ஐயா, நான் எண்ணியது தவறா?” என்று கேட்டார். “எண்ணியது சரி அம்மா, எண்ணச் சொன்னது தவறு” என்றோம். பத்தி மாற்றப்பட்டது. ஆனால் மாற்றிய படி நூலகத்துக்குச் சென்றதா என்று நாம் சென்று பார்க்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப்பின் வேறொரு கல்லூரியில் ஓர் ஆய்வேட்டைத் தேர்வு செய்ய நேர்ந்தது. குறிஞ்சியின் உவமை இயல்புக்குச் சான்றாக ஓர் அட்டவணை அதில் எடுத்தாளப்பட்டிருந்தது. எண்கள் பழக்கமானவையாகத் தோன்றின. அடியில் நம் மாணவியின் பெயரும், ஆண்டும், நம் துறையின் பெயரும் இருந்தன. பழைய வாசகமே இருந்தது. மாற்றிய பத்தியைக் காணோம்.

வாய்மொழித் தேர்வில் அந்த இளைஞரிடம், “இது குறிஞ்சியின் குணமா, கபிலரின் குணமா?” என்று கேட்டோம். அவர் விழித்தார். அவருடைய நெறியாளர் மேசையைப் பார்த்தார். அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அவர்களிடம் கூறிவிட்டு, பின்னரே மேற்கொண்டு வினவத் தொடங்கினோம்.